நாற்பதாம் நாளுக்கு ஒரு வாய்தா

யெஷி அக்காவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் இஞ்செரா என்ற புளித்த மாவு அப்பம் சுடும் மின்சாரக் கல்லுக்கு ஒரு மூடி உண்டு. அதன் கைப்பிடி எப்போதோ உடைந்து போயிருந்தது. துணியைச் சுருட்டி விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். எப்படித் தூக்கினாலும் ஆவி ஒரே பக்கமாகப் பாய்ந்து வலது முன்கையின் உட்புறத்தைச் சுடும். அஸ்னாகெச் வந்த முதல் வாரத்திலேயே அங்கே ஒரு கொப்புளம் கிளம்பியது. அது ஆறுவதற்குள் அதன் மேலேயே இன்னொன்று வந்தது. கடைசியில் பிறை போல ஒரு கறுத்த தழும்பு நிலைத்துவிட்டது.

"கைப்பிடி மாத்தணும்னு நானும் நெனச்சுக்கிட்டே இருக்கேன்," என்று யெஷி அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்வாள். தேன் குழைத்துத் தானே தடவியும் விடுவாள். மாற்ற மட்டும் மாட்டாள்.

அஸ்னாகெச் எத்தியோப்பியாவின் கோண்டார் ஊர்க்காரி. அங்கே ஒரு சுகாதார நிலையத்தில் உதவியாளராக இருந்தாள். சண்டை ஊருக்குள் வந்த வருஷம், காயத்தோடு ஓடிவந்த இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டாள். அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்கவில்லை. அதற்காக அவளைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்ததும் மகள் பெஸாவைத் தங்கை மூலுவிடம் விட்டுவிட்டு, ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு வந்தவர்களோடு அமெரிக்கா வந்தாள். திரும்பிப் போகவில்லை. தேவாலய வாசலில் குளிரில் நின்றவளை மேரிலாந்தில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனவள் யெஷி அக்கா. அவளுடைய கதையை ஆங்கிலத்தில் எழுதி, அடைக்கலம் கேட்டுக் குடியேற்றக் கோர்ட்டில் மனுப் போட உதவியவளும் அவள்தான். கோட்டு கொடுத்தாள், செருப்பு கொடுத்தாள், பல் வலித்தபோது மருத்துவரிடம் கூட்டிப்போனாள். வாடகை என்று வாயைத் திறக்கவில்லை.

"நீ சும்மா உக்காந்திருந்தா மனசு கெட்டுப்போகும். கீழ வந்து நாலு இஞ்செரா ஊத்து, பொழுது போகும்," என்றாள்.

நாலு என்றது கடைகளுக்குப் போகும் மூட்டைகளாக ஆனது. விடியும் முன் கரைத்த மாவை ஊற்றத் தொடங்கினால் மதியம் வரை நிமிர முடியாது. ஷிமெலிஸ் என்ற டாக்சிக்காரர் பின்வாசலில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார். கீழ்த்தளத்து ஜன்னல் தரைமட்டத்தில் இருந்ததால் அவருடைய கால்கள்தான் முதலில் தெரியும். மாடியில் யெஷி அக்கா நடப்பது தலைக்கு மேலே கேட்கும். அந்த நடை எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் போகப்போக அஸ்னாகெச்சுக்குப் பழகிவிட்டது.

அவள் காத்திருந்தது வேலை அனுமதி அட்டைக்காக. மனுப் போட்டு ஏறக்குறைய ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்கு முன் எங்கேயும் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லம் இருந்தது. அங்கே வேலை செய்யும் ஒருத்தி, அட்டை வந்த அன்றே வந்து சேரச் சொல்லியிருந்தாள். அஸ்னாகெச்சுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை. சொந்தப் பெயரில் ஒரு வேலை, உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்ள ஓர் அறை, அவ்வளவுதான். ஊரில் தொலைபேசி வேலை செய்த நாட்களில் பெஸா ஒரு தடவை கேட்டாள்: "அம்மா, அங்க உனக்கு என்ன வேலை?" அஸ்னாகெச் பேச்சை மாற்றிவிட்டாள்.

"பெரிய நோன்புக்கு முன்னால அட்டை வந்துடும். அதுக்கப்புறம் இந்த அக்காவ நீ எங்க நெனக்கப்போற?" என்று யெஷி அக்கா கன்னத்தைக் கிள்ளுவாள்.

*

நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், வெளுக்கும் முன்பே தலைக்கு மேலே பல கால்கள் நடப்பது கேட்டது. அஸ்னாகெச் மாவில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். கோண்டாரிலும் சரி, இங்கேயும் சரி, சூரியன் வருமுன் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டுக்கு வந்தால் அது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். சாவுச் செய்தியை யாரும் தொலைபேசியில் சொல்வதில்லை. தனியாக இருப்பவளிடம் சொல்வதில்லை. தாங்கிப் பிடிக்க ஆள் சேரும் வரை அதை நெஞ்சிலேயே வைத்திருந்து, ஒரு விடியற்காலையில் கூட்டமாக வந்து இறக்கி வைப்பார்கள்.

பாதிரியார் முதலில் படியிறங்கினார். பின்னால் வெள்ளைப் போர்வைகளில் இரண்டு பெண்கள், ஷிமெலிஸ், கடைசியில் யெஷி அக்கா.

"யாரு?" என்று கேட்டாள் அஸ்னாகெச்.

"கைய கழுவிட்டு வா, என் தாயே," என்றாள் யெஷி அக்கா.

"மாவு இருக்கட்டும். யாருன்னு சொல்லுங்க."

"உங்க அப்பா."

அவள் கத்தியதும் பெண்கள் இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அழுது ஓய்ந்த பிறகு, எப்போது என்று கேட்டாள். போன வாரம் என்று யெஷி அக்கா கிழமையும் சொன்னாள். சண்டையால் கோண்டார்ப் பக்கம் தொலைபேசி அறுந்து கிடந்த நேரம் அது. அடிஸ் அபாபாவில் இருக்கும் தன் தம்பி வழியாகச் செய்தி வந்தது என்றாள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. இப்படிச் செய்தி வந்த வழியைத் துருவிக் கேட்பது மரியாதையும் இல்லை.

மூன்றாம் நாள் காப்பி வறுத்துக்கொண்டிருந்த யெஷி அக்கா சுவரிலிருந்த தேவாலயக் காலண்டரைப் பார்த்தாள். விரலால் கட்டங்களைத் தொட்டுக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா?"

"நாற்பதாம் நாள் எப்ப விழுது தெரியுமா? உன் கோர்ட் தேதி அன்னிக்கே."

நாற்பதாம் நாள்தான் ஆத்மா தனக்குரிய இடத்துக்குப் போகிறது. அன்று மகள் தேவாலயத்தில் நின்று, ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும்.

"அதுக்கென்ன? ஜட்ஜுகிட்ட வேற தேதி கேளு. இந்த ஊர்ல கடவுள் விஷயம்னா தலைவணங்கிக் குடுப்பாங்க."

"கேட்டா கோபப்பட மாட்டாங்களா?"

"அட அசடு! கேக்காம அப்பாவ அம்போன்னு விட்டாதான் கோபப்படுவாங்க. ஜட்ஜ் இல்ல, மேல இருக்கிறவரு."

அந்த நாள் காலையில் கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி வயதான மனிதர், மெதுவாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அங்கே இல்லை. அவள் தாய்மொழியான அம்ஹாரிக்கில் அவருடைய குரல் மேசையில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அஸ்னாகெச் எழுந்து நின்று கேட்டாள். நீதிபதி தன் வருத்தத்தைச் சொன்னார். ஈஸ்டர் கழிந்து மே மாதத்தில் ஒரு தேதி தந்தார். பிறகு இன்னும் ஏதோ சொன்னார். ஒலிபெருக்கி அதைச் சொன்னது: "இது உங்கள் தரப்பு கேட்டுக்கொண்ட தாமதம் என்று பதிவாகும். புரிகிறதா?"

ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தை போலத்தான் அவளுக்குக் கேட்டது. குனிந்து வணங்கி, புரிகிறது என்றாள்.

கோர்ட்டின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த யெஷி அக்கா, திரும்பும் வழியெல்லாம் காரை மெதுவாக ஓட்டினாள். "என் பொண்ணு என்ன அழகா பேசுறா!" என்று பாராட்டினாள். அன்று மாலை தேவாலயக் கூடத்தில் பந்தி போட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது. பருப்பும் கீரையும் ஷிரோ என்ற கடலைமாவுக் குழம்பும் யெஷி அக்காவே நின்று பரிமாறினாள். அப்பா கௌரவமாகப் போய்ச் சேர்ந்தார் என்று அஸ்னாகெச் நம்பினாள்.

*

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு வந்தது, அட்டை வரவில்லை. நோன்பு முடிந்து ஈஸ்டரும் வந்தது. தபால் பெட்டியைத் திறப்பது யெஷி அக்காவின் வேலை. "இன்னிக்கும் இல்ல, கண்ணு," என்று படியின் மேலிருந்து குரல் வரும்.

"உன் அட்டை ஆமை முதுகுல ஏறி வருது போல," என்றார் ஷிமெலிஸ், மூட்டையைத் தூக்கிக்கொண்டே. "அந்த ஆமையும் வழியில நோன்பு இருக்குது."

"சிரிக்காதீங்க அண்ணா."

"சிரிக்கல. முன்னாடி இங்க இருந்த பொண்ணுக்கும் இப்படித்தான் வரவே..." என்று தொடங்கியவர், மாடியில் நடை நின்றதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார். மறுபடி அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அந்தப் பெண் யார், எங்கே போனாள் என்று அஸ்னாகெச்சும் யாரையும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒன்று கவனித்தாள். யெஷி அக்கா தேவாலயத்தில் எங்கே போனாலும் ஒரு பெண் சத்தமில்லாமல் வேறு பக்கம் நகர்ந்துகொள்வாள்.

அவள் பெயர் பந்தாயெ. மருத்துவமனையில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சமையலறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அண்டா கழுவினார்கள். அஸ்னாகெச் சட்டைக் கையைச் சுருட்டினாள். பந்தாயெவின் கண் அவளுடைய முன்கையில் விழுந்து அங்கேயே நின்றது. பிறகு அவள் தன் ஈரச் சட்டைக் கையையும் முழங்கை வரை ஒதுக்கிக் காட்டினாள். அதே இடம், அதே பிறை.

"இன்னும் அந்த மூடிய மாத்தலயா?" என்றாள் பந்தாயெ.

அஸ்னாகெச் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"உனக்கு அட்டை வந்துச்சா?"

"இல்லக்கா. காலம் தாண்டிடுச்சு."

"கோர்ட்ல வாய்தா கேட்டியா?"

"அப்பா செத்த நாற்பதுக்கு..."

"யார் கேக்கச் சொன்னது?" பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள். "கேளு. அட்டை குடுக்க கவர்மென்ட்டு உன் நாள எண்ணிக்கிட்டே வரும். நீயா வாய் திறந்து தேதிய தள்ளிப் போடுங்கன்னு கேட்டா அன்னிக்கோட எண்ணுறத நிறுத்திடும். அடுத்த தேதி வரைக்கும் உனக்கு நாளே கிடையாது. என்னை வக்கீல் தேடணும்னு வாய்தா கேக்கச் சொன்னா. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப."

"அவங்களுக்குத் தெரியாம இருக்கலாம்."

பந்தாயெ சிரித்தாள். அதில் சந்தோஷம் இல்லை. "யெஷிக்கா தெரியாது? அவளும் இதே வழியா வந்தவதான். எண்ணி எண்ணி வந்தவ."

"நீங்க ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? எனக்கு சாப்பாடு போட்டா, கோட்டு குடுத்தா. கோயில்ல முதல் வரிசையில நிக்கிறா. நான் சொன்னா நன்றி கெட்டவன்னு என் மூஞ்சியில துப்புவாங்க." அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "அப்புறம், உன் கதைய எழுதிக் குடுத்தது அவதானே? உள்ள இருக்கிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். அத ஞாபகம் வெச்சுக்கோ."

*

அஸ்னாகெச் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. விவரம் தெரியாமல் யாரும் தப்பான யோசனை சொல்லிவிடலாம். அப்பாவின் சாவை யெஷி அக்காவா கொண்டுவந்தாள்? நாற்பது அந்தத் தேதியில் விழுந்ததற்கு அவள் என்ன செய்வாள்? கல்லின் முன் நின்று இதையே சொல்லிக்கொண்டாள்.

ஏழெட்டு நாள் கழித்து மூலு கூப்பிட்டாள். மாதக்கணக்கில் அறுந்து கிடந்த தொலைபேசி ஊரில் மறுபடி உயிர்பெற்றிருந்தது. இருவரும் முதலில் அழுதார்கள். பிறகு மூலு அப்பாவின் கடைசி நாட்களைச் சொன்னாள். அக்காவின் மனம் ஆற வேண்டுமென்று நல்லதாகவே தேடித் தேடிச் சொன்னாள்.

"நாற்பதுக்கு ஊரே வந்துச்சு அக்கா. பெரியப்பா ஆடு அறுத்தாரு, ரெண்டு ஆடு. பெஸா உன் பேர சொல்லி எல்லாருக்கும் பரிமாறினா."

அஸ்னாகெச் நெற்றியைச் சுருக்கினாள். "ஆடா? நோன்புல எப்படி ஆடு அறுத்தீங்க?"

"நோன்பா? கிறிஸ்துமஸ் நோன்புக்கு முன்னாலதானே நாற்பது வந்துச்சு. மிக்கேல் திருநாள் அன்னிக்கு. அதுக்கப்புறம்தான் நோன்பே ஆரம்பிச்சது."

மூடியின் கீழே இஞ்செரா கருகும் வாசனை வந்தது. அவள் அதைத் தூக்கவில்லை.

"மூலு, அப்பா செத்தத யாருகிட்ட சொல்லி அனுப்பினே?"

"அடிஸ்ல யெஷி அக்காவோட தம்பிகிட்ட. அடக்கம் பண்ணின மறுநாளே ஆள் அனுப்பிச் சொன்னேன், தேதியோட. உன்கிட்ட நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம்னு அவங்க பதில் சொல்லி விட்டாங்க. ஏன், யெஷி அக்கா நல்லா பாத்துக்கிறாங்க இல்ல?"

மேலே நடை நின்றிருந்தது. படியின் உச்சியில் யெஷி அக்காவின் வீட்டுச் செருப்புகள் தெரிந்தன.

"நல்லா பாத்துக்கிறாங்க," என்றாள் அஸ்னாகெச். "அப்புறம் பேசறேன்."

"ஏதோ கருகுதே, என் தாயே," என்றது மேலிருந்து வந்த குரல். "யாரு போன்ல?"

"தங்கச்சிக்கா."

"அப்படியா? என்ன சொன்னா?"

"பெஸா வளந்துட்டாளாம்."

செருப்புகள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. பிறகு திரும்பிப் போயின.

செய்தியைச் சில வாரம் மறைத்ததில் குற்றம் இல்லை, யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் சாவின் தேதியையே நகர்த்தி, பாதிரியாரையும் இரண்டு பெண்களையும் வெள்ளைப் போர்வையில் கூட்டிவந்து, ஆத்மா போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு ஒரு வெறும் நாளில் அவளைத் தேவாலயத்தில் நிற்க வைத்து... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த கரண்டி மாவை ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு பந்தாயெவிடம் சமையலறையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "கோர்ட்ல நின்னு நான் என்ன சொல்லணும்?"

பந்தாயெ சொல்லிக்கொடுத்தாள். கடைசியில், "அட்டை தபால்ல வரும். அந்தப் பெட்டிய திறக்கிறது யாரு?" என்றாள். தன் வீட்டு விலாசத்தைச் சொல்லி அஸ்னாகெச்சைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். "தபால் மட்டும் வரட்டும். உன்ன வெச்சுக்க என்கிட்ட இடமில்ல, நாங்க ஒரு ரூம்ல மூணு பேரு. ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி பாக்கலாம். அதுக்கு மேல கேக்காத."

*

மே மாதத்து அந்தக் காலையில் யெஷி அக்கா அவளுக்குத் தலை வாரி விட்டாள். காரில் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள்.

"ஒரு வக்கீல் பாத்திருக்கேன். நம்ம ஆளுதான், பெரிய ஆளு. ஆனா அவருக்கு டைம் வேணும். ஜட்ஜ் கேட்டா வக்கீல் வர்றாரு, கொஞ்சம் தள்ளிப் போடுங்கன்னு சொல்லு. அவ்வளவுதான். சரியா?"

"சரிக்கா."

"வக்கீல் இல்லாம கேஸ் நடத்தினா நேரா பிளேன்ல ஏத்தி விட்டுடுவாங்க. எத்தன பேர பாத்திருக்கேன்."

இதை யெஷி அக்கா பொய்யாகச் சொல்லவில்லை. அப்படி ஏற்றி விடப்பட்டவர்கள் உண்டு. அஸ்னாகெச்சின் பயமெல்லாம் அங்கேதான் இருந்தது. வாய்தா கேட்டால் கீழ்த்தளம், கேட்காவிட்டால் ஒருவேளை கோண்டார்ச் சிறை. யெஷி அக்கா அவளுடைய ஒரு கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து முன்னே போனாள். ஒலிபெருக்கியில் இந்தத் தடவை ஒரு பெண்குரல்.

"உங்கள் விலாசம் பழைய விலாசம்தானா?"

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். யாரென்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"இல்ல. மாறிடுச்சு," என்று பந்தாயெவின் விலாசத்தை முழுதாகச் சொன்னாள். குரல் அவளுக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது.

நீதிபதி எழுதச் சொன்னார். பிறகு கேட்டார்: "வக்கீல் இருக்கிறாரா? அவரைத் தேட அவகாசம் வேண்டுமா?"

"வேண்டாம். நான் தயாரா இருக்கேன். நீங்க குடுக்கிற முதல் தேதிய எடுத்துக்கிறேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். தோற்றால் நாட்டை விட்டு அனுப்பப்படுவாள் என்பதை நிதானமாக விளக்கினார். ஒலிபெருக்கி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னது. புரிகிறதா என்று கேட்டது. இந்தத் தடவை அவளுக்கு எல்லாமே புரிந்தது.

"புரியுது. தேதி குடுங்க."

குளிர்காலத்தில் ஒரு தேதி கொடுத்தார். அது வரை எதையும் தள்ளிப்போடக் கேட்காவிட்டால் அவளுடைய நாட்கள் இன்றிலிருந்து மறுபடி எண்ணப்படும் என்றும் அவரே சொன்னார். அப்படியானால் கோடை முடிவதற்குள் அட்டை வந்துவிடும்.

வெளி வராந்தாவில் யெஷி அக்கா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். அஸ்னாகெச்சின் தோளிலிருந்து நழுவிய வெள்ளைப் போர்வையை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"நல்லா பேசினே. யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லக்கா."

"அந்த விலாசம் எனக்குத் தெரியும். பாவம், பந்தாயெ. அவ புருஷனுக்கு இன்னும் பேப்பர் கிடையாது." சிரிப்பு அப்படியே இருந்தது. "சரி வா, மாவு பொங்கி வழியும். போலாம்."

"எங்க அப்பா நாற்பது மிக்கேல் திருநாள் அன்னிக்குக்கா."

ஆட்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். யெஷி அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது போலப் பார்த்துவிட்டு மூடினாள்.

"நாள் கணக்குல என்ன இருக்கு, என் தாயே? நாம கும்பிட்டது அவருக்குச் சேந்திருக்கும்." குரலைத் தாழ்த்தினாள். "உன் கதைய என் கையால எழுதினேன். எது நடந்தது, எது நடக்கலன்னு ஜட்ஜுக்கு ரெண்டு வரி எழுதிப் போட எவ்வளவு நேரம் ஆகும் சொல்லு. நான் ஏன் அப்படிச் செய்யப்போறேன்? நீ என் பொண்ணு. வண்டியில ஏறு."

"நடந்தது மட்டும்தான் நான் சொன்னேன். நீங்க எழுதினதும் அதுதானே?"

யெஷி அக்கா கார்ச் சாவியைக் கையில் எடுத்தாள். அவளுடைய கையெழுத்தில், தனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது தனக்கு இன்றுவரை தெரியாது என்று அஸ்னாகெச்சுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் திரும்பிப் பெரிய சாலையோரமாக நடந்தாள். மாற்றுத்துணியும் பெஸாவின் படமும் அந்தக் கீழ்த்தளத்தில் இருந்தன. பேருந்து நிறுத்தம் எங்கே என்று தெரியாது, கூட்டம் நிற்கிற இடத்தைத் தேடிக்கொண்டே போனாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு வண்டி வேகத்தைக் குறைக்கும் சத்தம் கேட்டது. அது அவளைத் தாண்டவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவள் நடக்கிற வேகத்துக்கே உருண்டு வந்தது.

"அஸ்னாகெச்! வெயில்ல நடக்காத, கண்ணு. ஏறு," என்று ஜன்னலிலிருந்து பழைய அன்போடு குரல் வந்தது.

நிறுத்தத்தில் ஒரு பேருந்து கிளம்பத் தயாராக இருந்தது. எங்கே போகிறது என்று பார்க்காமலே ஏறினாள். கடைசி இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பேருந்து திரும்பிய இடத்தில் யெஷி அக்காவின் வண்டியும் திரும்பியது.